தெல்தோட்டையிலிருந்து மழைக்கல் குகைக்கு

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் இரண்டு என் தங்கச்சி விட்டுப்போன பிள்ளைகள். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவள். கண்டியைத் தாண்டிக் கிழக்கே போனது இந்தச் சித்திரையில்தான் முதல் தடவை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்குச் சின்ன மகன் சிவநேசனின் வேனில் ஏறினேன். பல்கலைக்கழகத்து ஆட்கள் மூவரைக் கண்டியில் ஏற்றி, ஒரு குகைக்குக் கொண்டுபோவது அவனுடைய அன்றைய ஹயர், வாடகை ஓட்டம். என்னை ஏன் கூட்டிப்போகிறான் என்று எனக்குத் தெரியும். போன மழையில், நாங்கள் ஆறு குடும்பம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மண் வெடித்தது. அதிகாரிகள் வந்து எழும்பிப் போகச் சொன்னார்கள். ஆறு குடும்பமும் பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். மழை விட்டதும் நான்தான் முதலில் திரும்பினேன்.

"எழுபத்து மூணு வருசமா பாக்குறேன். இந்த மல ஒரு கூடை மண்ண விட்டதில்ல. அப்புடி ஒரு மழ இனி வராது" என்றேன். என் பேச்சை நம்பி மற்ற ஐந்து குடும்பமும் திரும்பின. அடுத்த மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. படித்தவர்கள் சொன்னாலாவது கேட்பேன் என்பது சிவநேசனின் கணக்கு.

கலஹா வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஏழேகாலுக்குக் கண்டி. பஸ் நிலையத்தருகே பால் விடாத பிளேன்டி அறுபது ரூபாய், வடை எண்பது. அந்த வடையில் உளுந்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏறியவர்களில் பெரியவர் ஒரு யாழ்ப்பாணத்து மிஸ். மற்ற இருவர் அவருடைய மாணவர்கள். "அம்மாவும் வாறாவோ?" என்று கேட்டார்.

"ஆமா மிஸ். எங்க தோட்டத்து வானிலை நிலையமே இவங்கதான்" என்றான் சிவநேசன்.

"வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாருடா" என்றேன்.

திகனயைத் தாண்டியதும் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிந்தது. தண்ணீர் இறங்கி, கரையில் சிவப்பு மண் பட்டையாகக் கிடந்தது. தெல்தெனியாவில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மேலே போனோம். குகை இருக்கும் இடத்தை எழுத மாட்டேன். எழுதினால் ஆட்கள் போய்க் கல்லை உடைப்பார்களாம்.

பத்து மணிக்கு உள்ளே போனோம். வெளியே வெயில், உள்ளே மார்கழிக் குளிர். கூரையிலிருந்து கல் விழுதுகள் இறங்க, தரையிலிருந்து கல் முளைகள் எழும்பி நின்றன. டொக், டொக் என்று தண்ணீர் சொட்டியது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்து வந்து, சொட்டும் இடத்தில் மெல்லிய தோலாக விட்டுப்போகுமாம். அப்படிப் படிந்து படிந்துதான் கல் வளருமாம்.

தானாக முறிந்து கிடந்த ஒரு முளையை முன்பே நெடுக்காக அறுத்து மெருகேற்றிக் கொண்டுவந்திருந்தார் மிஸ். என் முழங்கை நீளம். உள்ளே வெளிறியும் கறுத்தும் வரிகள். தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்போம். வெட்டிய இடத்து முடிச்சுகளை எண்ணி நான் செடியின் வயதைச் சொல்வேன்.

"கவ்வாத்து முடிச்சு மாதிரி இதையும் எண்ணிப்புடலாம்ல?" என்று கேட்டேன்.

"எண்ணேலாது அம்மா. மழை குறைஞ்ச காலத்தில இது வளராமலே நிண்டிருக்கும்." கல்லில் கொஞ்சமே கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது; அது ஒரே கதியில் வேறொன்றாக மாறும்; எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துத்தான் வயதைச் சொல்வார்களாம். மழைத் தண்ணீரிலும் பாரமானது, இலேசானது உண்டாம். கல்லில் அந்தக் கலப்பைப் பார்த்தால் மழை பலத்த காலமா, மெலிந்த காலமா என்று தெரியுமாம்.

"அம்மாவின்ர எழுபத்து மூண்டு வருசம் இதில எவ்வளவெண்டு பாருங்கோ" என்று பென்சில் முனையால் காட்டினார். ஓர் அரிசியின் கனம். மற்றதெல்லாம் நான் பார்க்காத மழை. பலத்த காலம் வந்து, போய், திரும்பவும் வந்திருந்தது.

"அப்ப எங்க மல சரியுமா சரியாதா? அத இந்தக் கல்லு சொல்லுமா?"

"சொல்லாது அம்மா. ஒரு நாள் மழையக்கூட இது சொல்லாது. மலையப் பற்றி எனக்கும் தெரியாது."

இவ்வளவு படித்தவர் கூச்சமில்லாமல் தெரியாது என்கிறார். நான் அரிசிக் கனத்தை வைத்துக்கொண்டு, வராது என்று ஆறு குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். குகையில் சொட்டும் தண்ணீர் எதையோ வைத்துவிட்டுப் போகிறது. எங்கள் வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீர் எதை எடுத்துக்கொண்டு போகிறதோ!

கலஹா வளைவில் சிவநேசன் கேட்டான்: "என்னம்மா, கோவமா?"

"கோவந்தான். ஓம் மேல இல்ல. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்புடு."

அன்று ஆறு வீட்டாருக்கும் இதைத்தான் வாசிக்கப்போகிறோம். அந்த மழை இனி வராது என்று நான் சொன்னது பிழை. எனக்குத் தெரியாது. மழைக்கு முன் லயத்தை விட்டு முதலில் இறங்குவது என் பெட்டிதான்.

நான் சொல்லச் சொல்ல எழுதியவள் பேத்தி கவிதா. எங்க, ஒருக்கா படிச்சுக் காட்டு புள்ள. நான் சொன்னது பிழைன்னு வர்ற எடத்த முழுங்கிராத. அத நல்லா சத்தமா படி.