மெயினை அணைத்த பிற்பகல்

இலங்கையிலிருந்து கப்பலில் குடும்பங்கள் இன்னும் வந்துகொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஊட்டியில் படித்தபோது நடந்தது இது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அப்படி வந்த நாங்கள் இருபத்திரண்டு குடும்பங்கள் கோத்தகிரி அருகே தகரக் கொட்டகைகளில் இருந்தோம். ஒருநாள், வீட்டுமனை அதிகாரி மறுநாள் காலை வருவதாகத் தகவல் வந்தது. குடும்பத்துக்கு ஒரு மனு, ஆங்கிலத்தில், தட்டச்சில் வேண்டும். விட்டால் அவர் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. தட்டச்சு நிலையத்தில் நான்கு நாள் கேட்டார்கள்.

பல்கலைக்கழகம் எங்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. அடையாள அட்டை காட்டினால் மாணவரும் அதில் கடிதம் அடிக்கலாம். மத்தியானமே போய் உட்கார்ந்தேன். அதைப் பார்த்துக்கொண்ட அக்கா சொல்லித்தந்தார். ஒரு மனுவை முழுதாக அடித்துவிட்டுப் பெயரையும் ஆட்களின் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும், அடுத்த குடும்பத்தின் மனு தயார். ரப்பர் வேண்டாம், கார்பன் தாள் வேண்டாம். நடுவில் ஒரு பெயரை நுழைத்தால் பச்சை எழுத்துகள் தாமே நகர்ந்து இடம் விட்டன. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு இருபத்திரண்டும் முடிந்தன. அக்கா பக்கத்து அறையில் இருந்தார். அச்செடுக்கத் தாள் வாங்கிவர ஓடியவன், போகிற போக்கில் மெயினை அணைத்துவிட்டேன். மழை ஒழுகி ஒருமுறை ஒயர் பற்றியதிலிருந்து, கடைசியாக வெளியேறுபவர் மெயினை அணைக்க வேண்டும் என்பது எங்கள் கொட்டகைச் சட்டம். கை தானாகவே போய்விட்டது.

திரும்பி வந்தால் திரை கறுப்பு.

“ஏனுங்க தம்பி, மெயினை யாரு அணைச்சது?”

“நான்தாங்க அக்கா. வெளிய போறப்ப அணைக்கணும்ல.”

“உங்கூட்ல நல்லாத்தான் வளத்திருக்காங்க. ஆனா இதுக்குக் கரண்டு நின்னா அடிச்சதெல்லாம் மறந்து போயிருமுங்க.”

அக்கா மெயினைப் போட்டு, ஃப்ளாப்பி என்ற மெல்லிய கறுப்பு அட்டையை எடுத்துச் சொருகினார். நான் டீ குடிக்கப் போயிருந்தபோது, அதுவரை அடித்ததைச் சொல்லாமலே அதில் பதிந்து வைத்திருக்கிறார். இருபது குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. போனவை கடைசி இரண்டுதான். அதில் ஒன்று எங்களுடையது. இரண்டையும் பத்தே நிமிடத்தில் மீண்டும் அடித்தேன்.

சாயங்காலம் அப்பா, “இதுல நம்ம தாளு எதுப்பா?” என்று கேட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அதிகாரி எல்லா மனுக்களையும் பெற்றுக்கொண்டார்.

கம்ப்யூட்டரைப் பார்த்த பிரமிப்பு போகப்போகப் பழகிவிட்டது. நான் கேட்காமலே என் ஜனங்களின் பெயர்களை ஒருவர் பத்திரப்படுத்தி வைத்தாரே, அந்தப் பிரமிப்பு மட்டும் இன்றுவரை பழகவில்லை.