நம்பர் போட்ட மரங்கள்

மரத்தைச் சுற்றி வெள்ளை பெயிண்டில் வளையம் போட்டு, மேலே நம்பர் எழுதச் சொன்னவர் எங்கள் ஆராய்ச்சி அதிகாரி. எண்பதுகளின் கடைசி. பாட்டனி படித்துவிட்டு ஆவடி குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. கோவில்பதாகை ஏரிக்குப் பின்னால் மிச்சமிருந்த துண்டுக் காட்டில், வருஷாவருஷம் பொங்கல் கழிந்ததும் அதே வளையத்தின்மேல் டேப் வைத்து மரங்களின் சுற்றளவை எடுக்க வேண்டும். எது பருக்கிறது, எது சாகிறது, காடு எப்படி மாறுகிறது என்று இருபது முப்பது வருஷம் பார்ப்பதாகத் திட்டம்.

"சார், இந்தப் பக்கம் நம்பர் போட்டா ஏலத்துல போன மரம்னு நினைப்பாங்க" என்று அப்போதே சொன்னேன்.

"படிக்காதவங்களுக்கெல்லாம் பயந்தா சயின்ஸ் வளராதும்மா" என்றார். அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் செல்லம் ஓர் உலக்கைப்பாலை. அளக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு விரல்கூடப் பருக்காத அழுத்தக்கார மரம். ஒரு வருஷம், இந்தப் பொங்கலுக்காவது அசைந்திருக்கிறதா பார்க்கலாம் என்று டேப்போடு போனேன். அடிக்கட்டைதான் இருந்தது. வெட்டிய இடத்தில் பால்கூடக் காயவில்லை.

ஏரிக்குள் கருவேலம் வெட்ட ஏலம் எடுத்தவரின் ஆட்கள் லாரியில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். கோடாலிக்காரர் மிரண்டுபோனார்.

"இன்னாக்கா கத்துற? நம்பர் போட்டா ஏலத்துல போன மரம்னு ஊருக்கே தெரியும். நம்பர் இல்லாத மரத்துல கை வெச்சிகீறோமான்னு நீயே பாரு!"

பார்த்தேன். நம்பர் போட்டதெல்லாம் அடிக்கட்டை. நாங்கள் நம்பர் போடாத பக்கத்தில் ஒரு கிளைகூட ஒடியவில்லை. அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? அத்தனை கோபத்தையும் அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

அவர் பதறவே இல்லை. "இழப்பும் டேட்டாதானே? மிச்சக் காட்டுக்கும் நம்பர் போட்டுடுங்க, தொடர்ந்து பார்க்கலாம்" என்று புது பெயிண்ட் டின்னை என் பக்கம் நகர்த்தினார்.

"அதுக்கு நீங்களே கோடாலியோட வந்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேலை போனது. டின்னை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு இரண்டு கோட் அடித்துக் காலி செய்தேன். விஷயம் தெரியாத அப்பா, வெள்ளை எடுப்பாக இருக்கிறது என்றார்.

அந்த டின்னில் ஒரு சொட்டுகூட எந்த மரத்தின் மேலும் விழவில்லை. ஆனால் அதிகாரி அடுத்த டின் வாங்கியிருப்பார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.