சைக்கிளுக்கு விட்ட இடம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிற ஆள் நான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேறு. விடை மட்டும் எழுதினால் போதாது, வழி எங்கே என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளை அழ வைத்தவள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் என்னிடம் வழி கிடையாது. நீங்கள் நம்பினாலும் சரி, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாலும் சரி.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் பொன்மலை ரயில்வே காலனியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வேலை. சாயங்காலச் சங்கு ஊதியதும் அவர் சைக்கிளில் கிளம்பி வருவார், நான் பள்ளிக்கூடம் முடிந்து மாதா கோவில் முனையில் நிற்பேன். அங்கிருந்து வீடு வரை தூங்குமூஞ்சி மரங்கள், கிளையெல்லாம் மேலே கோத்துக்கொண்டு வெயிலே தெரியாது, ஓரத்தில் நடப்பதற்கென்று அகலமாக ஒரு மண்பாதை. கல்யாணமான புதிதில் என்னைக் கேரியரில் உட்கார வைத்துத்தான் ஓட்டினார். டபுள்ஸ் போகக் கூடாது என்று முனையில் இருந்த போலீஸ்காரர் ஒருநாள் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் இறங்கிவிடுவார். உள்பக்கம் நான், ரோட்டுப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர். அந்தப் போலீஸ்காரர் மாற்றலாகிப் போன பிறகும் நாங்கள் நடந்துதான் போனோம். சைக்கிளில் போனால் வீடு சீக்கிரம் வந்துவிடும், அதுதான் காரணம், வேறென்ன.

பேசுவதெல்லாம் நான். அவர் பக்கமிருந்து தள்ளுகிற சைக்கிளின் டிக் டிக் டிக் சத்தம் மட்டும்தான் வரும். நான் சொல்வது பிடிக்கவில்லையென்றால் மறுத்துப் பேச மாட்டார், அப்படியே நின்றுவிடுவார். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போய், சத்தம் நின்றது உறைத்து, திரும்பி வந்து, "சரி, என்னன்னு சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அப்படியொரு அழுத்தக்காரர்.

மஞ்சள் காமாலை வந்து ஒரு மழைக்காலத்துக்குள் அவர் போய்விட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வேலை அவருடையது என்பதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். தொட்டியத்தில் வாழை போட்டிருந்த என் அண்ணன் வந்தார். "தனியா எப்படிம்மா இருப்ப? வேலைய விட்டுட்டு நம்ம வீட்டுக்கே வந்துடு" என்றார். பாசமாகத்தான் சொன்னார், நானும் சரியென்றேன். என் வீட்டுக்காரருடைய சைக்கிளைக்கூட அண்ணன் அப்போதே பஸ் மேலே ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். ஆனால் அந்தப் பாதையை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. இதை யாரிடம் சொல்வது? ஒரு பாதைக்காக இங்கேயே இருக்கிறேன் என்றால் சிரிக்க மாட்டார்களா.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வேலையை விடுவதாகச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் நாள் சாயங்காலம் வந்துகொண்டிருந்தேன். இருட்டவில்லை, மரத்தில் இலைகள் மட்டும் மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தன, சங்கு ஊதிக் கூட்டமெல்லாம் போய் ஓய்ந்திருந்தது. மாதா கோவில் முனையைத் தாண்டினேன், என் வலது பக்கம் டிக் டிக் டிக்.

ஏதோ பூச்சி என்று நினைத்தேன். வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வருகிறது, மெதுவாக நடந்தால் மெதுவாக வருகிறது. திரும்பிப் பார்த்தால் வெறும் மண்ணும் உதிர்ந்த பூவும்தான். நியாயமாகப் பார்த்தால் நான் பயந்து ஓடியிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது, சாவு வீட்டில்கூட வராத அழுகை. அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், எப்போதும் போலப் பேச ஆரம்பித்துவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வந்த கோபம், பக்கத்து வீட்டுக் கோழி நம் செடியைக் கிளறியது, எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் கூடவே வந்தது. "நாளைக்கு வேலைய விட்டுடப் போறேங்க. அண்ணன் வீட்டுக்கே போயிடுறேன்" என்றேன்.

சத்தம் நின்றுவிட்டது.

கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தேன். "சரி, என்னன்னு சொல்லுங்க" என்றேன். உயிரோடு இருந்தபோதே வாய் திறக்காத மனுஷன், இப்போது மட்டும் சொல்லிவிடப் போகிறாரா. தெருவிளக்கு எரியும் வரை அந்த மரத்தடியிலேயே நின்றேன். கடைசியில், "சரி, போகல. இங்கயே இருக்கேன், போதுமா" என்றேன். டிக், டிக் என்று மெதுவாக ஆரம்பித்து வீட்டு வாசல் வரை வந்தது. "உள்ள வாங்க" என்று வாய்விட்டே கூப்பிட்டேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நான் வேலையை விடவில்லை. அண்ணன் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலனியை ஒட்டி ஓர் அறை பார்த்துக்கொண்டேன். எத்தனையோ வருஷம் அதே பாதையில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன், அந்தச் சத்தம் திரும்பக் கேட்கவே இல்லை. அவரை நினைத்து நினைத்துக் காதில் விழுந்த பிரமை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் எதிரே வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? தனியாக வரும் ஒருத்திக்கு வழிவிட லேசாகச் சாய்ந்து போனால் போதும். அந்தப் பாதையில் மட்டும், என்னைக் கண்டதும் எல்லாரும் ரோட்டில் இறங்கி நிற்கிறார்கள். ஒருநாள் தயிர்க்காரம்மா தலைக்கூடையோடு இறங்கி நின்றாள். "நான் ஒருத்திதானே வரேன், எதுக்கு இவ்வளவு தூரம் ஒதுங்குறீங்க?" என்று கேட்டேன். அவள் முதலில் என் வலது பக்கத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியலையே டீச்சரம்மா, எடம் பத்தாதுன்னு தோணுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்பதில்லை. இன்றைக்கும் உள்பக்கமாகவே நடக்கிறேன், வலது பக்கம் சைக்கிளுக்கு இடம் விட்டு.