சோதனைக் கருவியில் பிறந்த இசை

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய அடுக்குமாடியில் வசிக்கும் லோகநாயகிக்கு எழுபத்தாறு வயது. ரிட்டயர்டு டீச்சர் என்றே அக்கம்பக்கத்தார் நினைத்திருந்தார்கள். அவரோ முப்பத்தேழு வருஷம் ஒரு வானொலி நிலையத்தில் டெக்னிக்கல் பிரிவில் இருந்தவர்.

வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருஷம், ஒரு அடைமழை நாள். கடலுக்கடியில் நடக்கும் நாடகமொன்று அன்று மாலை ஒலிபரப்பாக வேண்டும். வசனம் பதிவாகிவிட்டது, இசைக் கலைஞர்கள்தான் வந்து சேரவில்லை. தயாரிப்பாளர் பத்ரிநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டார். முந்தின நாள் ஷிஃப்டுக்கு வந்து, மழையில் வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட லோகநாயகி மட்டும் இருந்தார்.

"வாத்தியம் இல்லாம பண்ணலாமா சார்?" என்று கேட்டார்.

"எதை வச்சாவது பண்ணும்மா!"

கருவிகளைச் சோதித்துப் பார்க்க, ஒரே சீராக 'ஊ' என்று ஒலி எழுப்பும் ஆசிலேட்டர் ஒன்று அங்கே உண்டு. அதன் ஒலியை டேப்பில் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓடவிட்டார். டேப்பை பிளேடால் வெட்டி, வளையமாக ஒட்டி, நாற்காலிக் காலைச் சுற்றிச் சுழலவைத்தார். வாளித் தண்ணீருக்குள் எவர்சில்வர் டம்ளரைத் தட்டிச் சேர்த்தார். நாடகம் நேரத்துக்குப் போயிற்று.

மறுநாள் மேலதிகாரி ஏகநாதன் மெமோ கொடுத்தார். "டெஸ்ட் பண்ற கருவியில பாட்டுப் போட யாரு உங்களுக்கு பர்மிஷன் குடுத்தது?"

"கருவி பழுதாகவில்லை. நாடகம் குறித்த நேரத்தில் ஒலிபரப்பானது" என்று இரண்டு வரி பதில் எழுதினார் லோகநாயகி. அந்த வாரமே, அது என்ன வாத்தியம், எங்கே கிடைக்கும் என்று கேட்டு நேயர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. பத்ரிநாராயணன் அந்தக் கடிதக் கட்டை ஏகநாதன் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். பிறகு மெமோ பற்றிப் பேச்சே இல்லை.

விஞ்ஞானம், சிறுவர் நிகழ்ச்சி, வானிலை என்று எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு லோகநாயகி முகப்பிசை செய்தார். 'இசை: நிலையக் கலைஞர்கள்' என்றுதான் அறிவிப்பார்கள். டெக்னிக்கல் ஆள் பெயரை இசையின் கீழ் சொல்ல விதி இல்லையாம். ஒருமுறை கேட்டுப் பார்த்தார்; அப்புறம் கேட்கவில்லை. வருத்தம் இருந்தது. வேலையை விடவில்லை.

போன வருஷம், பொத்தேரியில் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியை நடத்தும் ரேஷ்மா தேடி வந்தார். அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தும் லோகநாயகியின் மகன் ஸ்ரீவத்சன் சொல்லித்தான்.

"ஆன்ட்டி, உங்க பழைய டேப்ஸ் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லைம்மா. அப்போ டேப்புக்குத் தட்டுப்பாடு. அழிச்சிட்டு அது மேலயே அடுத்ததைப் பதிவு பண்ணுவோம். பாதி நானே அழிச்சதுதான்."

ரேஷ்மாவின் முகம் வாடிவிட்டது.

"அதுக்கென்ன, புதுசாப் பண்ணித் தரேன். எத்தனை நிமிஷம் வேணும்?"

ஸ்ரீவத்சன் லேப்டாப்பில் ஒலியை வெட்டவும் ஒட்டவும் சொல்லிக்கொடுத்தார். வெட்டியதை மறுபடி பழையபடி ஆக்கலாம் என்றதும் லோகநாயகிக்குப் பிடிக்கவில்லை. "அப்போ வெட்டறதுக்கு முன்னாடி எதுக்கு யோசிக்கணும்?" என்றவர், அந்த வசதியைத் தொடவே இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிரேக் போடும் கிரீச்சலையும் லிஃப்டின் முனகலையும் பதிவு செய்தார். குக்கர் விசில் சரியாக அமையவில்லை.

"அம்மா, இன்னும் எத்தனை விசில்? பருப்பு கரைஞ்சே போச்சு" என்றாள் மருமகள் சின்மயி.

ஒன்பது நிமிஷ இசை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒலிபரப்பானது. 'இசை: லோகநாயகி' என்று ரேஷ்மா அறிவித்தபோது சின்மயி கை தட்டினாள். லோகநாயகி அசையாமல் கேட்டார். நாலாவது நிமிஷத்தில் லிஃப்டின் முனகல் ஒரு இம்மி முந்தி வந்துவிட்டது. அது அவரை உறுத்தியது.

ரேஷ்மாவின் நிலையத்தில் நம்பர் வாங்கிக்கொண்டு ஒருவர் போனில் கூப்பிட்டார். இரும்புலியூரில் தையல் கடை வைத்திருக்கும் பொன்னுசாமி.

"இன்னா மிஷின்மா அது? நடுவுல ரயிலு பிரேக் போடற மாதிரியே கீது. தையலை நிறுத்திட்டு கேட்டுகினு இருந்தேன்."

"ரயிலேதான்."

"அப்ப என் தையல் மிஷினையும் வந்து புடிச்சுக்கோயேன்மா!"

திங்கட்கிழமை காலை லோகநாயகி பதிவுக் கருவியோடு கடைக்குப் போனார். "ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க" என்றார். பொன்னுசாமி வியர்க்க விறுவிறுக்க இருபது நிமிஷம் தைத்தார்.