வரிசையில் நின்ற ஸ்லவுஷா

ரகூசா துறைமுகத்தின் பெரிய வீட்டுக்காரர்களைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விடானிச் வீட்டு வேலைக்காரி ஸ்லவுஷாவைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். தலைவர் மாளிகை வாசலில் காவல் நின்ற காலத்தில் அவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா?

மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். அப்படியொரு வாய். அவள் கூடையோடு நுழைந்தால் மீன் சந்தையில் விலை தானாக இறங்கும்.

அந்த மாதம் அவள் எஜமான் ஓர்சாத் விடானிச் ஊர்த்தலைவராக இருந்தார். இங்கே அந்தப் பதவி ஒரே மாதம்தான். அந்த மாதம் முழுக்க அவர் சொந்த வீட்டுக்குப் போகக் கூடாது, வீட்டாரும் மாளிகைக்குள் வரக் கூடாது. வீடு என்னவோ கூப்பிடு தூரம்தான். அங்கே அவர் மனைவிக்குக் குறைமாதத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. பொழுது சாய்வதற்குள் போய்விடும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அப்பன் முகத்தைப் பார்க்காமலே போகப்போகிறதே என்று தாய் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

ஸ்லவுஷா பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"வீட்டாளுங்க உள்ள போகக் கூடாது, தெரியுமில்ல?" என்றேன்.

"நான் என்ன விடானிச் வம்சமா? கூலிக்காரி. மனு குடுக்க வந்திருக்கேன். மனுன்னு வந்தா யாரையும் தடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா இல்லையா, ராடிச்சண்ணே?"

"கையில இருக்கறது வம்சந்தானே?"

"இதுக்கு இன்னும் பேரே வைக்கலை. பேரில்லாதவன் எந்த வம்சம்? தள்ளி நில்லு."

தள்ளித்தான் நின்றேன்.

அவளுக்கு முன்னால் எண்ணெய் வியாபாரி மில்தென் மட்டும் நின்றான். பக்கத்து வீட்டு ஆடு அவன் திராட்சைக் கொடியைத் தின்றுவிட்டதாம். தலைவர் கம்பளியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மில்தென், இந்தப் பொண்ணுக்கு உன் முறையை விட்டுக் குடுக்கிறியா?"

"காலையிலேர்ந்து நிக்கிறேன் ஐயா. முடியாது."

"சரி, சொல்லு."

அந்தப் பாவி ஆட்டின் தாடியிலிருந்து ஆரம்பித்தான். தலைவர் ஒரு கேள்வியைக்கூடக் குறைக்கவில்லை. எந்தக் கொடி, யார் பார்த்தது என்று எல்லாம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லித்தான் அவனை அனுப்பினார். கண் மட்டும் அடிக்கடி கம்பளிப் பக்கம் போய்வந்தது.

"அடுத்து. என்னம்மா மனு?"

"இந்த ஊர்க்காரன் ஒருத்தன் பேரில்லாம இருக்கான் ஐயா. ஒரு பேர் வேணுமாம்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "லூக்ஷா" என்றார். வரிசையில் வேறு யாரும் இல்லை. அதனால் நெடுநேரம் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை.

வெளியே வந்தவள் மில்தெனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். மறுநாள் சந்தையில் பார்த்தால், "எங்க ஐயா பெத்த பிள்ளையையே வரிசையில நிக்க வச்சவரு, தெரியுமா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறாள். எனக்கும் பெருமைதான். இப்படியொரு வீடு வேறு எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது?

பிள்ளையும் பிழைத்தது. ஸ்லவுஷா ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துப் புகட்டி, நெஞ்சோடு அணைத்தே தேற்றிவிட்டாள்.

அந்த லூக்ஷா வளர்ந்து, நரை விழுந்து, தானும் தலைவரானான். முதல் நாள் காலையிலேயே கிழவி ஸ்லவுஷா கோலூன்றி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள்.

காவல் வேலையை விட்ட பிறகும் பழக்கத்தில் அங்கே வந்து உட்கார்ந்திருந்த நான், "உனக்கென்ன மனு?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே. முறையில்லாம என்னை முன்னால கூப்பிடுறானான்னு பாக்க வந்தேன்."

லூக்ஷா அவளைப் பார்த்தான். முன்னால் நின்றவனை விசாரிக்கத் தொடங்கினான். உச்சிவேளை வந்தது. அவள் கால் வலியோடு நின்றபடி என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, என்னையே காக்க வைக்கிறான்."