ஆளில்லாத கண்டக்டர் குரல்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வாசிக்க டைம் கீப்பரிடம் அனுமதி கேட்டபோது, "செத்த நேரம் வாசிச்சிட்டுக் கெளம்பிரணும்மா" என்றார். நான் டீக்கடை ஓரமாக வயலினையும், மைக்கையும், பேட்டரி ஸ்பீக்கரையும், காலால் மிதிக்கிற லூப் பெட்டியையும் வைத்தேன். எந்தச் சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தாலும் அந்தப் பெட்டி அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அதன் மேல் நான் வாசிப்பேன்.

முதலில் டீ மாஸ்டர் கிளாஸில் கரண்டி தட்டுவதைப் பிடித்தேன். அப்போது பக்கத்து பஸ்ஸிலிருந்து கண்டக்டர், "வில்லிபுத்தூர், வில்லிபுத்தூர், வில்லிபுத்தூரேய்!" என்று கத்தினார். தாளத்தில் கச்சிதமாக விழுந்தது. அதையும் பிடித்துவிட்டேன். அந்த பஸ் கிளம்பிப் போனது. குரல் மட்டும் என்னிடம் நின்றுவிட்டது.

கண்ணை மூடி வாசித்தேன். திறந்தால் எதிரே ஒரு கூட்டம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லார் கையிலும் பை இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

முன்னால் நின்ற அக்கா, "ஏட்டி, ஏறச் சொல்லிக் கத்துதான். வண்டி எங்கட்டி?" என்றார்.

பதறிப்போய் நிறுத்த மிதித்தேன். தப்பான பொத்தான். இப்போது இரண்டு கண்டக்டர்கள் கத்தினார்கள். இன்னும் நாலு பேர் ஓடி வந்தார்கள். டைம் கீப்பரும் வந்தார்.

"அவன் போயிட்டானேம்மா! அவன் கொரல் மட்டும் எப்படி இங்க நிக்கி?"

சரியான பொத்தானைத் தேடி மிதித்துக் குரலை நிறுத்தினேன். விளக்குவதற்குள் அடுத்த வில்லிபுத்தூர் பஸ் உள்ளே நுழைந்தது. மொத்தக் கூட்டமும் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த கண்டக்டர் திகைத்து நின்றார். "நான் இன்னும் வாயவே தொறக்கலயே!"

விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தப் பெட்டியோட நீயும் ஏறும்மா. வழியில வாசி." டைம் கீப்பருக்கும் அதில் நிம்மதிதான்.

அந்த அக்கா எனக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து, ஸ்பீக்கரை மடியில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "எங்கொரலும் இதுல வருமா?" என்றார். மைக்கை நீட்டினேன். பேசுவார் என்று நினைத்தேன். நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாரே! டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

குலவை சுற்றிச் சுற்றி வந்தது. நான் மேலே வாசித்தேன். பின் சீட்டில் இரண்டு பேர் தாளம் போட்டார்கள். வன்னியம்பட்டியில் ஏற வந்த ஒருவர் படியிலேயே நின்று, "கல்யாண வண்டியாப்பா? நான் ஏறலாமா?" என்று கேட்டார்.

அக்கா மட்டும் தாளம் போடவில்லை. ஸ்பீக்கரோடு காதை ஒட்டி வைத்திருந்தார்.

"ஏட்டி, இது நானா? எம்புட்டு இளசா இருக்கு!"

வில்லிபுத்தூரில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. "இன்னும் ரெண்டு சுத்து ஓடட்டும்" என்றார். ஓடவிட்டேன்.