அல்பேனியாவுக்கு ஒரு ஒத்திகை

காரைக்காலில் ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்று சொன்னால் யாரும் எந்த நாடு என்று கேட்பதில்லை. பிரான்ஸ்தான். தெருவுக்கு நாலு வீட்டில் அங்கே ஓர் ஆள் உண்டு. என் அக்காவைப் பெண் கேட்டு வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு பிரெஞ்சுக் குடியுரிமை என்றதும் எங்கள் வீட்டில் ஜாதகத்தை அரைக் கண்ணாலும் பாஸ்போர்ட்டை முழுக் கண்ணாலும் பார்த்தார்கள். அவள் இருபத்தொரு வயதில் போனாள். நான் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டேன். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு காரணம் இருந்தது, பிறகு பார்த்தால் கல்யாண வயது போயிருந்தது.

அதனால் நான் அல்பேனியாவுக்குப் போவதாகச் சொன்னதும் எதிர்வீட்டு அம்மா, "அது பிரான்ஸ்ல எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். வடக்குப் பக்கம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். விளக்குவதற்குத் தெம்பு இல்லை.

அக்கா ஊருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. நடுவில் அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளால் வர முடியாது என்றால் நான் போகவேண்டும். இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை, வேலையையும் விட்டாயிற்று, இவள் ஊருக்குத் திரும்புவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அவர்களுக்குச் சந்தேகம். படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. திருநள்ளாறு போய்வரவே மூன்று நாள் முன்னால் ஏற்பாடு செய்கிறவள் நான்.

என்னைக் கட்டிப்போட்டிருந்தது அப்பா. அவருக்கு எண்பத்தாறு வயது. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அம்மா இறந்ததை மறந்தார், மாடியில் குடியிருக்கும் என் தம்பியை மறந்தார், அக்காவின் போட்டோவைக் காட்டினால் "நல்ல குடும்பத்துப் பொண்ணு" என்றார். என் கையால் கொடுத்தால்தான் சாப்பிடுவார். வேறு யார் தட்டோடு வந்தாலும் வாயை மூடிக்கொள்வார். அதற்காகவே நெரவி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக வேலையிலிருந்து, ஓய்வுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் எல்லோரும் தியாகம் என்றார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அல்பேனியா யோசனை அக்காவுடையது. அவள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் விமானம் போய்விடுமாம். எனக்கு இணையத்திலேயே விசாவுக்கு விண்ணப்பிக்கலாமாம். அப்பா மதியம் தூங்கும்போது அவளுக்கு அங்கே காலை. இருவரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு நாட்டை அலசினோம். வெயில் காலத்தில் அந்தக் கடற்கரையில் ஐரோப்பாவே வந்து படுத்துக் கிடக்கும், நவம்பரில் போனால் அறைகள் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று தெரிந்தது. தலைநகரிலிருந்து துரெஸ் என்கிற துறைமுக ஊருக்கு வேன் போகிறது. ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்களாம், நம் ஷேர் ஆட்டோ மாதிரி. ஆமாம் என்று சொல்ல அந்த ஊர்க்காரர்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்களாம். அது நமக்குப் பிறந்ததிலிருந்தே வரும்.

சமையலறையோடு கூடிய அறைதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடுகிற செலவில் மூன்று நாள் ரசம் வைக்கலாம். அக்காவுக்கு அதெல்லாம் கவலை இல்லை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே நிபந்தனை. தம்பி கேட்டுவிட்டு, "கடல் இங்கேயே பத்து நிமிஷத்துல இருக்கே, அதுக்கு ஏன் ரெண்டு பிளைட்டு மாறிப் போகணும்?" என்றான். அவன் அந்தக் கடலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறதோ தெரியாது.

மூன்று வாரத்தில் விசா மின்னஞ்சலில் வந்தது. நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு அப்பாவுக்குச் சோறு ஊட்டும் நேரம் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டுமே. அன்று அவர் ஒவ்வொரு கவளத்துக்கும் என் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார். தட்டைக் கழுவும்போது, முடியாது, போகமுடியாது என்று முடிவு செய்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் விடவில்லை.

"நான் அங்க வந்தா மட்டும் அப்பாவுக்கு என்னைத் தெரியவாடி போவுது? உனக்காவது என்னைத் தெரியும். நான் இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன்னு நெனைக்கிற?"

"சாப்பிடலன்னா என்னக்கா பண்றது? பத்து நாளு."

"ரெண்டு நாளு எங்கயாவது போய் இருந்து பாரு. சாப்பிடலன்னா விட்டுடு, நான் கேக்கல. சாப்பிட்டாருன்னா நீ வரணும்."

தம்பி மனைவியிடம் கேட்டேன். அவள் தையல் வேலை செய்கிறவள், மாடியில் எந்நேரமும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மறுப்பாள் என்றுதான் நினைத்தேன், மறுக்கமாட்டாளா என்று எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். "போயிட்டு வாங்கண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவளுக்கு நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். சாதம் எவ்வளவு குழைய வேண்டும், ரசத்தில் மிளகு எவ்வளவு, விழுங்காமல் வாயில் வைத்திருந்தால் தொண்டையை எப்படித் தடவ வேண்டும், எல்லாம். கொம்யூனில் முப்பது வருஷம் குறிப்பு எழுதியவள், ஒன்றும் விட்டுப்போகவில்லை.

வரிச்சிக்குடியில் என்னோடு வேலை பார்த்த தோழி இருக்கிறாள். பஸ்ஸில் பக்கம்தான். முதல் நாள் முழுக்க அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எதிரே வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சாப்பிடாவிட்டால் உடனே அழைக்கச் சொல்லியிருந்தேன், மதியம் அழைப்பு வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று ரோடு வரைக்கும் நடந்து பார்த்தேன், நன்றாகவே இருந்தது. "அவங்க பாத்துக்குவாங்க, நீ ரெண்டு வாய் சாப்பிடு" என்றாள் தோழி. சாயங்காலமும் வரவில்லை. பட்டினி போட்டுவிட்டு மறைக்கிறாளோ என்று தம்பி மனைவி மேல் கோபம் கோபமாக வந்தது. நானாக அழைக்கக் கூடாது என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவி இட்லியைச் சாம்பாரில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ரசமும் இல்லை, குழைந்த சாதமும் இல்லை. அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு குறையும் இல்லை.

"போதும் பாப்பா" என்றார் அவளிடம்.

பாப்பா என்பது நான். ஐம்பத்தெட்டு வயதிலும் அவருக்கு நான்தான் பாப்பா. வீட்டில் வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி, "மொத நாளே அப்படித்தான் கூப்புட்டாங்கண்ணி. நான் மாத்திச் சொல்லல" என்றாள்.

அப்பாவும் நிலைப்படியில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்க முயற்சி செய்தார், முடியவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்கம்மா. உள்ள வந்து உக்காருங்க" என்றார். அப்புறம் அவளிடம், "பாப்பா, அவங்களுக்குக் காபி குடு" என்றார்.

உட்கார்ந்தேன். காபி வந்தது. என் வீட்டு டம்ளரில் என் வீட்டுக் காபியை, விருந்தாளி மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். விட்டுவிட்டு வந்த ஐந்து வருஷ வேலையும் சம்பளமும் எனக்கு நினைவுக்கு வந்தன. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. அந்த அறையில் கோபப்படுகிற மாதிரி ஒருவரும் இல்லை. அவர் நன்றாக இருந்தார். அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கழுவி வைக்கும்போதுதான் அழுகை வந்தது, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மதியம் அக்காவை அழைத்தேன்.

"டிக்கெட் போட்டுடுக்கா."

"ஐயோ, சாப்பிட்டாராடி? அவ குடுத்துச் சாப்பிட்டாரா?"

"நல்லா சாப்பிட்டாரு. எனக்குக்கூடக் காபி குடுக்கச் சொன்னாரு."

"பாத்தியா, உன் மேல எவ்வளவு பாசம்" என்று அக்கா அங்கே சந்தோஷமாகச் சிரித்தாள். ஆமாம் என்றேன்.